ஒன்பதாவது விமானம்

ஜனவரி 19, காலை ஒன்பது நாற்பது. துறைமுகத்தின் மூன்றாவது மேடையில் கிரேன் இறக்கிய சரக்குப் பெட்டி ஒன்று, கீழே நின்று கைச்சைகை காட்டிய சிக்னல்காரரின் காலுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தது. காற்று தள்ளிவிட்டதாகப் பதிவேட்டில் எழுதினார்கள்.

கிரேன் ஓட்டியவர் சிக்னல்காரரின் அக்கா கணவர். பதினோரு வருடமாக இருவருக்கும் ஒரே ஷிப்ட்.

பிப்ரவரியில் விமானப்படையின் சாகசக் குழு வந்தது. வழக்கம்போல இருவரும் ஓடுபாதை வேலிக்கு வெளியே, ஒலிபெருக்கி எட்டாத மூலையில் நின்றார்கள். ஓட்டுநர் ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. ஒன்பது விமானங்கள், இறக்கைக்கும் இறக்கைக்கும் நடுவே ஓர் ஆள் நீளம். பின்னால் வரும் விமானி முன்னால் போகிறவனைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. தலைவன் தரையில் மோதினால் எட்டுப் பேரும் கூடவே போவார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் ஓட்டுநரின் குரல் தணிந்துவிடும்.

குழு மேலெழுந்த சற்றைக்கெல்லாம் ஒரு விமானம் மட்டும் பிரிந்து தரையிறங்கியது. மீதி எட்டும் புகை கக்கியபடி தலைக்கு மேல் வந்தன. வைர வடிவத்தின் வால் காலியாக இருந்தது.

"வால்ல இருக்கான் பாரு மாப்ள! ஒட்டவச்ச மாதிரி வர்றான்!"

"யாரு மச்சான்?"

"ஒன்பதாவது ஆளுதான். கண்ணை எங்கடா அடகு வச்சே?"

சிக்னல்காரர் சிரிக்கப் பார்த்தார். மச்சான் விளையாடவில்லை.

"எட்டுதான் பறக்குது மச்சான். ஒண்ணு அப்பவே இறங்கிடுச்சு."

ஓட்டுநர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும். நடுவுல மறைக்குது. ஓரத்துல தெரியும்டா."

"அப்போ என் கை?"

"உன் கை எப்போ எங்க போகும்னு எனக்கு மனப்பாடம்."

"இதுவும் மனப்பாடம்தானே?" சிக்னல்காரர் வானத்தைக் காட்டினார்.

"பொண்ணு காலேஜ் முடிக்க இன்னும் ரெண்டு வருஷம். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே. உங்க அக்காவுக்கே தெரியாது."

விமானங்கள் செங்குத்தாக ஏறி, உச்சியில் திசைக்கொன்றாகப் பிரிந்தன. கூட்டம் கத்தியது. ஓட்டுநரும் கைதட்டினார்.

திங்கட்கிழமை காலை சிக்னல்காரர் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை கண் பரிசோதனை நடந்தது. வெள்ளிக்கிழமை உரிமம் ரத்தானது. மூன்றாவது மேடைக்கு வேறு ஓட்டுநர் வந்தார். அக்கா தம்பியின் போனை எடுப்பதில்லை.