அண்ணனைக் கூப்பிட்ட குரல்

மலைப்பாதையிலிருந்து வேன் காட்டுப் பள்ளத்தில் உருண்டபோது முன் சீட்டில் இருந்தது அண்ணன்தான். அந்தச் சீட்டுக்காகக் கிளம்பும்போதே ஒரு பாட்டம் சண்டை நடந்திருந்தது. வழியனுப்ப வந்த அம்மா, "பெரியவன் உட்காரட்டும்டி, உனக்கென்ன இப்போ?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எல்லோரும் வாலு என்று கூப்பிடும் தங்கை, பின்னால் துணி மூட்டைகளோடு இன்னொரு மூட்டையாக ஏறிக்கொண்டாள். மூட்டைகள்தாம் அவளைக் காப்பாற்றின. அண்ணனும் டிரைவரும் அப்புறம் கண்ணைத் திறக்கவே இல்லை.

மேலே ஏற வழியில்லை. செங்குத்துச் சரிவு, மழையில் சேறாக வழுக்கியது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியதும், ஓடை எங்கேயாவது போய்ச் சேரும்தானே என்று அதன் கூடவே இறங்கினாள். காலில் ஏறிய அட்டைகளைப் பிய்த்து எறிந்தாள். பறவை கொத்திய பழத்தை மட்டும் தின்றாள். ஒவ்வொரு நாளும் பொழுது சாய்வதற்குள் பாறை இடுக்கில் சருகைக் குவித்து உள்ளே சுருண்டுகொண்டாள். பயம் வந்தபோதெல்லாம் அண்ணனை வம்புக்கு இழுத்தாள். "நீயா இருந்தா இந்நேரம் ஒப்பாரி வெச்சிருப்பே. கொசு கடிச்சாலே அம்மாகிட்ட ஓடுற ஆளு நீ." கோபம் இருந்தவரை குளிர் தெரியவில்லை.

அண்ணன்மேல் இருந்த அந்தப் பொறாமை இன்று நேற்று வந்ததல்ல. அம்மா பேருந்து நிலையத்தில் வண்டிகளை அறிவிப்பவள். அவளுடைய கண்ணாடி அறையில் நாற்காலி போக ஒரு ஸ்டூலுக்குத்தான் இடம். பள்ளிக்கூடம் விட்டதும் அதில் அண்ணன் உட்காருவான். வாலுவுக்கு வெளியே பெஞ்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருவரும் எதற்கோ சிரிப்பது தெரியும்; கேட்காது.

ஒரு காலையில் அம்மாவின் குரல் காட்டுக்குள் கேட்டது. மரங்களுக்கு அப்பால், காணாமல் போன வேனைத் தேடி வந்த ஜீப் ஒன்று உறுமியது; அதன் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது குரல்.

"பெரியவனே! அம்மா வந்திருக்கேன்டா. எங்கடா இருக்கே? தங்கச்சி கையை விட்டுடாதே. அது ஒண்ணும் தெரியாத பொண்ணு."

துள்ளி எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒண்ணும் தெரியாதாம்! இத்தனை நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தது யார்? 'யாரைக் கூப்பிட்டாளோ அவனே போகட்டும்' என்று முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

ஜீப் நகர்ந்தது. திரும்பத் திரும்ப அதே பேச்சு. எத்தனை வண்டிகளை அறிவித்தாலும் பிசிறடிக்காத அந்தத் தொண்டை கரகரத்தது, நடுவில் அறுந்தது, மறுபடி 'பெரியவனே' என்றது. பதில் சொல்ல முடியாதவனுக்கே குரல் மொத்தத்தையும் கொடுத்துவிட்டால் தனக்கு என்ன மிஞ்சும்? அந்த ஆத்திரம்தான் அவளை எழுப்பியது. முள்ளும் புதருமாகக் கிழித்துக்கொண்டு ஓடினாள்.

ஜீப் ஓட்டியவர்தான் முதலில் பார்த்தார். "அம்மா! பாப்பா வந்துடுச்சும்மா!"

அம்மா கையில் மைக்கோடு ஜீப்பிலிருந்து தாவி இறங்கினாள். எலும்பு நோகும்படி வாலுவைக் கட்டிக்கொண்டாள். ஆனால் கண்கள் மட்டும் மகளின் தோளைத் தாண்டிப் போயின.

"அண்ணன் பின்னாடி வரானாடி?"

வாலுவும் திரும்பிப் பார்த்தாள். வெறும் மரங்கள். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே தன்னோடு கூட்டி வந்தவன் அங்கே இல்லை. 'நான்தான் வந்திருக்கேன், நல்லாப் பாரு' என்று சொல்ல வைத்திருந்தது நாக்கிலேயே கரைந்து போயிற்று.

"வேன்லயே போயிட்டாம்மா. அன்னைக்கே."

ஏதோ ஒரு வண்டி தாமதம் என்று கேட்டவளைப்போல அம்மா தலையாட்டினாள். பிறகு மைக்கை வாய்க்கருகே கொண்டுபோனாள்.

"பெரியவனே..."

ஜீப்காரர் ஒலிபெருக்கியை நிறுத்தக் கை நீட்டினார். வாலு எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூப்பிடட்டும்ணா" என்றாள்.