கேட்டுக்குத் தெரிந்த வேணு

எங்கள் படகுத்துறையில் ஒரு கேட் வைத்தார்கள். இரும்புக் கேட். பக்கத்தில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு கண்ணாடி. அதில் கண்ணைக் காட்டினால் கருவிழியைப் படித்து, நாம் யார் என்று நமக்கே சொல்லுமாம். பிறந்ததிலிருந்து பழவேற்காட்டு ஏரியிலேயே கிடக்கிறவனுக்கு அவன் பெயரைச் சொல்ல எங்கிருந்தோ ஒரு பெட்டி வந்து இறங்கியிருக்கிறது. தூ!

எதற்கு என்று கேட்டால் பாதுகாப்பாம். தீவிரவாதி படகில் ஏறிவிடுவானாம். கேட்டுக்கு இரண்டு பக்கமும் இடுப்பளவுத் தண்ணீர் திறந்து கிடக்கிறது. தீவிரவாதி வந்தால் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்தே போய்விடுவான். நாங்கள்தான் போக முடியாது. கண்ணைக் காட்டாமல் படகேறினால் படகு பறிமுதல் என்று சிவப்பு எழுத்தில் பலகை மாட்டியிருந்தார்கள்.

அந்தப் பெட்டிக்குக் காவலாக ஹரிஹரன் என்று ஒரு ஆபீசர். இஸ்திரி கலையாத சட்டை. கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்துகிறவன். அவனிடம்தான் ஒரு மாதமாகக் கையேந்திக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஏரியில் யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். என் வீட்டுக்காரர் வேணுவுக்குப் பத்து நாளைக்கு ஒரு முறை, துறையை ஒட்டினாற்போல முகத்துவாரத்துப் பக்கம் பாடு வரும். தொடர்ந்து மூன்று பாடு வலை இறங்காவிட்டால் பங்கு போய்விடும், அது ஊர்க்கட்டு. பிறகு காலத்துக்கும் அடுத்தவன் படகில் கூலிக்குத்தான் போக வேண்டும். கேட் வந்த பிறகு எங்களுக்கு இரண்டு பாடு போய்விட்டது. பெட்டி என் வீட்டுக்காரரின் கண்ணைப் பார்த்து, "பொருந்தவில்லை, பொருந்தவில்லை" என்று கிளிப்பிள்ளை மாதிரி கத்தியது.

தப்பு என்னுடையதுதான். அதை மறைக்கவில்லை. போன வருஷம் சமுதாயக் கூடத்தில் கண் பதிவு முகாம் போட்டார்கள். அன்றைக்கு எங்கள் பாடு. பாட்டை விட்டுவிட்டு யாராவது கண்ணைக் காட்டப் போவார்களா? வேணு ஏரிக்குப் போய்விட்டார். என் கொழுந்தன் முரளி அப்போது எங்களோடுதான் இருந்தான். "நீ போய் உங்க அண்ணன் பேருக்குக் குடுத்துட்டு வாடா" என்று அனுப்பினேன். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் இருக்கிற இன்னொருவன் போய் அவன் பாட்டில் வலை போடுவான். ஊரே ஒத்துக்கொள்ளும். கண்ணும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு முரளி பிரிந்து போய்விட்டான். பஞ்சாயத்தில் பேசி, காட்டூர் மனை தம்பிக்கு, படகும் பாட்டுப் பங்கும் அண்ணனுக்கு என்று முடித்தார்கள். மனையை வித்துத் தின்று தீர்த்தான். இப்போது எங்கேயோ கண்டெய்னர் யார்டில் வேலை.

"சார், அது என் கொழுந்தன் கண்ணு சார். இவருதான் வேணு. ஊர்ல யாரை வேணா கேளு" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

"சிஸ்டம் பொய் சொல்லாதும்மா. மனுஷங்கதான் சொல்லுவாங்க" என்பான் ஹரிஹரன், போனிலிருந்து தலையைத் தூக்காமலே. கண்ணைக் கொடுத்தவனே நேரில் வந்து ஒத்துக்கொண்டால் பார்க்கலாம் என்றான்.

போய் முரளியின் காலில் விழாத குறை. மூன்றாவது பாட்டுக்கு வருகிறேன், உண்மையைச் சொல்கிறேன் என்றான். வந்தான். கறுப்புக் கண்ணாடி, வெள்ளை ஷூ. ஊர்த் தலைவர் குப்பன் நோட்டோடு நின்றிருந்தார். வலையிறக்குகிற நாலு பேரும், தேவேந்திரன் முதற்கொண்டு, துறையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் தம்பியைப் பார்த்து, "சாப்ட்டியாடா?" என்று கேட்டார். அவ்வளவுதான் அந்த மனுஷன்.

முரளி ஆபீசர் பக்கம் போகவேயில்லை. நேராகப் பெட்டிக்குப் போனான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண்ணைக் காட்டினான்.

"வேணு. அனுமதி" என்றது பெட்டி. கேட் திறந்தது. உள்ளே போனான். கேட் மூடிக்கொண்டது.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தான். "அண்ணி, பங்குல பாதி எனக்குன்னு தலைவர் நோட்டுல எழுதச் சொல்லு. அப்பறம் சார்கிட்ட உண்மையச் சொல்றேன். இல்லாங்காட்டி நானே வேணுவா போயி வலை போட்டுக்கறேன். கேட்டே சொல்லிடுச்சில்ல?"

"பேமானி!" என்றேன். "நீ வேணுவா? உங்க அண்ணன் கால் தூசிக்குப் பெறுவியாடா? நீ வேணுன்னா நான் யாருக்குடா பொண்டாட்டி? அந்தப் பொட்டியவே கேட்டுச் சொல்லு!"

துறையே சிரித்தது. அவன் முகம் கறுத்துப் போயிற்று. ஹரிஹரன், "பதிவு சரியாத்தான் இருக்கு, சத்தம் போடாதம்மா" என்றான். இவனையெல்லாம் படிக்க வைத்த காசுக்கு இரண்டு வலை வாங்கியிருக்கலாம்.

முரளி எங்கள் படகில் ஏறினான். "வாங்கடா" என்று நாலு பேரையும் கூப்பிட்டான். தேவேந்திரன் பீடியை இன்னொரு இழுப்பு இழுத்தான். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

சுத்துவலை என்றால் என்னவென்று முரளிக்குத் தெரியும், ஆனாலும் திமிர். ஒரு முனையைக் கழியில் கட்டி நட்டுவிட்டு, மறுமுனையை ஆட்கள் இழுத்துக்கொண்டு ஏரியை வளைத்து வரவேண்டும். ஒண்டியாக அதைச் செய்யப் பூதம்தான் வரவேண்டும். இவன் படகைத் தள்ளிக்கொண்டு போனான். கழியை ஊன்றினான், சாய்ந்தது. மறுபடி ஊன்றினான். அதற்குள் வலை காலில் சுற்றிக்கொண்டு, ஆள் தலைகுப்புறச் சேற்றில் விழுந்தான். வெள்ளை ஷூ மட்டும் மேலே தெரிந்தது. நான் கைகொட்டிச் சிரித்தேன். செத்தாலும் பரவாயில்லை என்றுதான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன்.

"அண்ணா! அண்ணா!" என்று கத்தினான்.

நீரோட்டம் வேறு திரும்ப ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் வலை இறக்கியும் பிரயோஜனமில்லை. மூன்றாவது பாடும் போய்விடும். குப்பன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

வேணு என்னைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். பிறகு கைலியை மடித்துக் கட்டினார். துறையின் ஓரத்துக்குப் போய்த் தண்ணீரில் இறங்கி, கேட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார்.

"ஏய்! யாருய்யா அது? அனுமதி இல்லாம போறே! படகைப் பிடிச்சிடுவேன்!" என்று ஹரிஹரன் கத்தினான்.

தேவேந்திரன் பீடியை வீசி எறிந்தான். நாலு பேரும் எழுந்தார்கள். அவர்களுடைய கண்ணுக்குக் கேட் ஒழுங்காகத் திறக்கும். ஆனாலும் அவர்கள் அந்தப் பெட்டியை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரில் இறங்கி வேணுவின் பின்னாலேயே போனார்கள்.

போனதும் வேணு தம்பியைத் தூக்கி நிறுத்தினார், காலில் சுற்றிய வலையை அவிழ்த்தார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. முரளி தலையைக் குனிந்துகொண்டு துறைப் பக்கம் நடந்து வந்தான். அவனுக்குப் பின்னால் கழி நின்றது, வலை வளைந்து இறங்கியது. குப்பன் நோட்டில் எழுதினார்.

வெளியே போவதற்கும் கண்ணைக் காட்ட வேண்டும் என்பது அந்தக் கேட்டின் சட்டம். முரளியின் கண்ணிரண்டும் உப்பும் சேறும் போய் வீங்கிக் கிடந்தன. திறக்கவே முடியவில்லை. அண்ணன் மாதிரி தண்ணீரில் இறங்கிச் சுற்றி வரலாம் என்றால் அதற்கும் கண் தெரிய வேண்டுமே. பெட்டியில் முகத்தை வைத்தான்.

"பொருந்தவில்லை."

துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தான்.

"பொருந்தவில்லை."

"சார், தெறங்க சார், கண்ணு எரியுது" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

ஹரிஹரன் கையிலிருந்த கேட் சாவியைப் பார்த்தான். "அடையாளம் தெரியாம சாவி போட முடியாது. பேரு எழுதணும். நீ யாரு?"

"வேணு" என்று சொல்ல வாயெடுத்தான் முரளி. சொல்லவில்லை. வேணு அதோ வலையோடு நிற்கிறார், ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. முரளி என்று சொன்னால், காலையில் வேணுவாகப் போனவன் யார் என்று கேட்பார்கள். மறுபடி கண்ணைக் கசக்கினான்.

ஹரிஹரன் என் பக்கம் திரும்பினான். "யாரும்மா இவரு?"

ஒரு மாதமாக என் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதவன் என்னைக் கேட்கிறான்! எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

"தெரியும் சார். சொல்றேன். அதுக்கு முன்னாடி அதோ நிக்கிறாரே, பச்சைக் கைலி, அவரு பேரை எழுது. வேணு. அவரு கண்ணைப் பதியல, வேற ஆளு கண்ணைப் பதிஞ்சிருக்கு. அனுப்பிச்சது நான்தான், இந்திராணி. அதையும் எழுது."

"அதுக்கெல்லாம் ஃபாரம் இல்லம்மா."

"வெள்ளைப் பேப்பர்ல எழுது."

"அண்ணி, கண்ணு போயிடும் அண்ணி..." என்றான் முரளி.

"கம்முனு நில்லுடா. சார் எழுதிக்கினு இருக்காரு."

ஹரிஹரன் குப்பனின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வாங்கிக்கொண்டான். நான் சொல்லச் சொல்ல எழுதினான். வேணு என்கிற பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டான். நான் வாங்கி இரண்டு முறை படித்துப் பார்த்து, மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான், "இவன் முரளி. என் கொழுந்தன். தெறந்து விடு" என்றேன்.