மைதானத்து ஓரத்து அறை

சாயங்காலம் நாலரை மணி. உடற்கல்வி ஆசிரியர் மனோகரன் மைதானத்து ஓரத்து அறையைத் திறந்து, வாலிபால் வலையையும் பந்துப் பையையும் வெளியே எடுத்துப் போட்டார். அவர் விசில் ஊதியதும் பதினாலு பெண்கள் ஓடிவந்து வரிசையில் நின்றார்கள்.

பூந்தமல்லிக்கும் பாரிவாக்கத்துக்கும் நடுவே இருந்த அந்தப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி விளையாட்டில் பேர் வாங்கியதே இல்லை. இந்த வருஷம் வாங்கிவிடலாம் என்று மனோகரன் நம்பினார். காரணம் பத்தாம் வகுப்பு சௌம்யா. அவள் எம்பி அடிக்கிற பந்தை எதிர்ப்பக்கத்தில் எடுக்க ஆளில்லை. ஆனால் ஒரு மாதமாகவே, குதித்து இறங்கினால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுகிறாள். சோம்பல் என்றே அவர் முடிவு கட்டியிருந்தார்.

"நோவாம ஜெயிக்கணும்னா வீட்லயே உக்காந்துக்க" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. மற்றவர்கள் சிரித்தார்கள். சௌம்யா மறுபடி குதித்தாள்.

சனிக்கிழமை, ஆவடிப் பக்கம் ஒரு மைதானத்தில் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டி. காலை ஆறு மணிக்கே வேனில் கிளம்பினார்கள். அரையிறுதியில் ஜெயித்ததும் மனோகரன் எல்லோருக்கும் எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். சௌம்யா தன்னுடையதைப் பக்கத்திலிருந்தவளிடம் நீட்டிவிட்டாள். அவர் அதைப் பார்த்தார்; பிகு பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

இறுதி ஆட்டம் மூன்றாவது செட் வரைக்கும் போனது. பதினொன்றுக்குப் பதினொன்று என்றிருந்தபோது சௌம்யா கோட்டோரம் வந்து, தன்னால் முடியவில்லை, வேறு யாரையாவது இறக்குங்கள் என்று மெதுவாகச் சொன்னாள்.

"நாலே பாயின்ட்தான். நடிக்காத, போ."

போனாள். எம்பி அடித்தாள். பாயின்ட் வந்தது. இறங்கியவள் அப்படியே சுருண்டு விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்கியபோது அவள் உடம்பு அனலாகக் கொதித்தது.

ஆஸ்பத்திரியில் பரிசோதித்த டாக்டரம்மா, சிறுநீர்த் தொற்று கிட்னி வரைக்கும் போய்விட்டது என்றார். நாளெல்லாம் தண்ணீரே குடிக்காத உடம்பு மாதிரி இருக்கிறதே, ஏன் என்று கேட்டார். தண்ணீர் குடிக்கச் சொல்லித் தினமும் கத்துகிறேனே என்றார் மனோகரன். அது உண்மைதான்.

பக்கத்தில் நின்ற டீம் கேப்டன் சபீனா தலையைக் குனிந்துகொண்டே பேசினாள்.

"குடிச்சா போணும்ல சார். எங்க போறது? நாலு மணிக்கு ஸ்கூல் பாத்ரூம பூட்டிடறாங்க. கிரவுண்டாண்ட இருந்தத நீங்க எடுத்துக்கினீங்க."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. மெல்லத்தான் விளங்கியது. வலை வைக்க இடமில்லையென்று, மூன்று வருஷத்துக்கு முன் தலைமையாசிரியையிடம் கேட்டு வாங்கிய அறை அது. பெண்பிள்ளைகளின் கழிப்பறை. பீங்கான்மேல் பலகை போட்டு மூடி, சாமான்களை அடுக்கினார். பிறகு அது என்னவாக இருந்தது என்பதே மறந்துபோயிற்று. அவருக்கென்ன, ஆசிரியர் கழிப்பறைச் சாவி அவரிடம் இருந்தது. ஆறரை மணி வரைக்கும் இந்தப் பெண்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"போன வருஷம் கேட்டோம் சார். இதெல்லாம் ஒரு சாக்கு, வீட்ல போய்ப் பாத்துக்கங்கன்னு சொன்னீங்க. அப்புறம் யாரும் கேக்கல. மத்தியானத்துக்கு மேல நாங்க யாருமே தண்ணி குடிக்கிறதில்ல."

அப்படிச் சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை. ஞாபகம் இல்லாததுதான் அதிகமாகச் சுட்டது.

சௌம்யாவின் அம்மா வரலட்சுமி அயனம்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கூட்டித் துடைக்கிறவள். வேலைச் சீருடையோடு ஓடிவந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து எழுந்து நின்றார் மனோகரன்.

"நீங்க இன்னா சார் பண்ணுவீங்க? வெளிய போற எடத்துல தண்ணி குடிக்காதன்னு நாந்தான் சொல்லி அனுப்புவேன். வேலைக்குப் போற எடத்துல நானும் அப்டித்தான் இருந்துகினு கீறேன்." மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்காக அவரைக் கும்பிட்டாள்.

அந்தக் கும்பிடை அவரால் தாங்க முடியவில்லை. அறையை எடுத்துக்கொண்டது, கேட்ட பிள்ளைகளை அடக்கியது, நடிக்காதே என்றது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். வரலட்சுமி கேட்டுக்கொண்டாள். எழுந்து போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் ஞாயிறு. வாட்ச்மேன் எத்திராஜை வைத்துக்கொண்டு மனோகரன் அந்த அறையைக் காலி செய்தார். தானே தேய்த்துக் கழுவினார். குழாய், தாழ்ப்பாள், விளக்கு எல்லாம் வந்தன. சௌம்யா தேறிவர இரண்டு வாரமானது. அந்த வருஷம் அவள் குதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மன்னிப்புக் கேட்கப் போனவரிடம் "பரவால்ல சார்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அடுத்த மாதம், தடகளப் போட்டிக்காக உடற்கல்வி ஆசிரியர்கள் கூடினார்கள். அட்டவணை போடுமுன், மைதானத்தில் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றார் மனோகரன். ஜெகதீசன் என்கிற ஆசிரியர் சிரித்தார். பொம்பளைப் பிள்ளைகள் அதையெல்லாம் தாங்களே சமாளித்துக்கொள்வார்கள், நம்மிடம் வந்து கேட்கவா போகிறார்கள் என்றார்.

"கேக்க மாட்டாங்க சார். கேட்டவங்க வாயையும் நான் அடைச்சேன். அதனால ஒரு பொண்ணு ஆஸ்பத்திரியில கெடந்தா" என்றார் மனோகரன். "பொண்ணுங்கள ஓடு, குதின்னு சொல்றவன், அவங்க வாய்திறந்து கேக்கக் கூசுறது என்னன்னு மொதல்ல தானா போய்த் தெரிஞ்சிக்கணும். அத செய்யாம நாம ஜெயிக்கிற கோப்பை, அந்தப் பிள்ளைங்க உடம்புலேருந்து பறிச்சது."

அறையில் அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை.