புளியங்கொட்டை ஒன்று குறைகிறது

மூன்றாவது முறை எண்ணியும் இருநூற்று முப்பத்தொன்பதுதான் வந்தது.

லூர்துசெல்வி டீச்சர் புளியங்கொட்டைகளை மேசை மேல் பத்துப் பத்தாகக் கூறு கட்டி வைத்திருந்தாள். இருபத்து மூன்று முழுக்கூறு, கடைசிக் கூறில் ஒன்பது. காலையில் வீட்டிலிருந்து எண்ணி எடுத்து வந்தது இருநூற்று நாற்பது. எல்.கே.ஜி.யில் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், ஆளுக்கு இருபது கொட்டை. அவரவர் பெயரின் முதல் எழுத்தை அட்டையில் பெரிதாகப் புள்ளி வைத்து எழுதி, புள்ளிக்கு ஒரு கொட்டையாக அடுக்கச் சொல்லியிருந்தாள். பென்சிலுக்கு முன்னால் கொட்டையைப் பிடித்துப் பழகட்டும், எழுத்து எங்கே வளைகிறது என்று விரலுக்குத் தெரியட்டும் என்று ஓர் ஆசை. பள்ளிக்கூடம் திறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் அந்த ஆசை மேசை மேல் உட்கார்ந்து பல்லை இளித்தது.

பாயை உதறினாள். அலமாரிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். செருப்பு வரிசையைக் கலைத்துப் பார்த்தாள். இல்லை.

ஒரு கொட்டைதானே, போனால் போகிறது என்று நீங்களும் நானும் சொல்லிவிடலாம். நாலு வயதுப் பிள்ளையை மேய்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள். அந்த வயதில் கையில் அகப்பட்டது வாய்க்குப் போகும், இல்லாவிட்டால் மூக்குக்குப் போகும். சேலத்தில் பயிற்சிக்குப் போயிருந்தபோது ஓர் அம்மா சொன்ன கதை லூர்துசெல்விக்கு இப்போதா ஞாபகம் வர வேண்டும்! ஒரு குழந்தையின் மூச்சுக்குழாயில் நிலக்கடலை சிக்கிக்கொண்டதாம். முதலில் இருமியதாம். இருமல் நின்றதும் சரியாகிவிட்டது என்று எல்லாரும் நிம்மதியாகப் போய்ப் படுத்துவிட்டார்களாம். மிச்சத்தை அந்த அம்மா சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

யாருடைய அட்டையில் குறைந்தது என்று தெரிந்தாலாவது அந்தப் பிள்ளையைப் பிடித்துக் கேட்கலாம். அதற்கும் வழியில்லாமல் அவளே மண் அள்ளிப் போட்டுக்கொண்டாள். வேன் வந்துவிட்ட அவசரத்தில் பன்னிரண்டு அட்டையையும் ஒரே பிஸ்கட் டப்பாவில் கவிழ்த்துவிட்டு இப்போது முழிக்கிறாள்.

தலைமையாசிரியை கமலா மேடம் சொல்லத்தான் செய்தார். போன வெள்ளிக்கிழமை எஸ்டேட்டிலிருந்து கேட்டு வாங்கிய காப்பிக்கொட்டையை லூர்துசெல்வி எண்ணாமல் கைநிறைய அள்ளிக் கொடுத்து எழுத்து அடுக்க வைத்தாள். எல்வின் ஒன்றைக் கடித்துத் துப்பினான். "நோட்டுல போட்டுக் குடுத்தா அதும்பாட்டுக்கு எழுதீட்டுப் போகுது. கொட்டையும் மண்ணும் எதுக்குங்க டீச்சர்?" என்று மேடம் வாசலில் நின்று கேட்டார். லூர்துசெல்விக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தக் கோபத்தில் பிள்ளைகளைப் பார்த்து, "கொட்டைய வாயில போட்டாலும் மூக்குல போட்டாலும் உள்ள மரம் முளைக்கும்! காது வழியா கெளை வரும்!" என்று கையை விரித்துக் காட்டி மிரட்டினாள். நம்மை எல்லாம் சின்ன வயதில் மிரட்டிய அதே மரம்தான். பிள்ளைகள் கப்சிப். பரவாயில்லையே, பலிக்கிறதே என்று அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட. இந்த வாரம் காப்பிக்கொட்டையை விட்டுப் புளியங்கொட்டைக்கு மாறினாள். எண்ணவும் தொடங்கினாள்.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. ஆயா அம்மணி கதவருகில் தலையை நீட்டினாள்.

"ஏனுங்க மிஸ், எல்லாப் புள்ளையும் ஏறியாச்சுங்க. இந்தத் தீபிகா பாட்டிலைப் பாருங்க, இன்னிக்கும் அப்படியே இருக்குது. நாலு நாளா பச்சத்தண்ணி பல்லுல படலையாம், ஊட்டுலயும் டீ குடுத்தாத்தான் குடிக்குதாம். அவங்கம்மா சொல்லி உட்டாங்க."

"சரிக்கா, சரிக்கா," என்றாள் லூர்துசெல்வி. காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. டப்பாவை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் வேனில் ஏறினாள். டிரைவர் மரியதாஸ் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "நீங்களும் வர்றீங்களா டீச்சர்?" என்றார்.

"ஆமாங்கண்ணா. மெதுவாப் போங்க."

முதல் ஸ்டாப்புக்குக் கால் மணி நேரம். அங்கே எஸ்டேட் பாதை பிரியும் இடத்தில் இரண்டு பிள்ளைகள் இறங்கும். அதற்கப்புறம் மூன்று, கடைசியில் கொட்டச்சேட்டில் மிச்சம். மதியம் பன்னிரண்டு மணிக்கே மூடுபனியாக மஞ்சு இறங்கி, ரோட்டோரத்துச் சில்வர் ஓக் மரங்கள் பாதிதான் தெரிந்தன. இறங்குகிற பிள்ளை அந்த மஞ்சுக்குள் நடந்து வீட்டுக்குப் போய்விடும். பாதி வீடுகளில் போன் சிக்னல் கிடையாது. சோறு தின்று படுத்துத் தூங்கும்போது இருமல் வந்தால்? வராமலே போனால்?

குரலை இனிப்பாக்கிக்கொண்டு கேட்டாள். "கண்ணுகளா, மிஸ் அடிக்க மாட்டேன். யாராச்சும் புளியங்கொட்டைய முழுங்குனீங்களா?"

"நான் முழுங்கினேன் மிஸ்!" என்றான் எல்வின், பரிசு வாங்குகிறவன்போல.

"நானும்!" என்றான் ஸ்டெபின்.

"நான் ரெண்டு!" என்றாள் ஃபெபி.

அவ்வளவுதான், வேன் முழுக்க நானும் நானும் என்று கை தூக்கியது. யுவராஜ் பத்து விழுங்கினானாம். கேட்டது ஒரு கொட்டை, கணக்குக்கு வந்தது ஒரு மூட்டை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் லூர்துசெல்வி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடி, மாதாவே, இந்த ஒரு தடவை காப்பாற்று, இனிமேல் நோட்டு மட்டும்தான் என்று வேண்டிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது ஸ்டெபின் ஜன்னல் கண்ணாடியில் ஊதி, படிந்த ஆவியில் விரலால் தன் எழுத்தைக் கிறுக்கிக்கொண்டிருந்தான். மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து இன்னொரு தடவை மூச்சு விட்டான். கண்ணாடியில் சின்னதாக இரண்டு வட்டம் படிந்தது, மூக்குத் துவாரத்துக்கு ஒன்று.

லூர்துசெல்விக்குச் சுரீரென்றது. மூக்கிலாவது இருக்கிறதா என்று பார்த்துவிடலாமே! முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"எல்லாரும் வாய மூடுங்க. மூக்கால மட்டும் ஊதணும். யாருக்கு ரெண்டு வட்டம் வருதுன்னு பாக்கலாம்!"

எல்வினுக்கு இரண்டு. ஃபெபிக்கு இரண்டு. யுவராஜுக்கு ஒன்றுதான் தெரிந்தது. மூக்கைச் சிந்திவிட்டதும் இரண்டாவதும் வந்தது. "டீச்சர், ஸ்டாப் வருதுங்க," என்றார் மரியதாஸ். "நிறுத்தாதீங்கண்ணா, உருட்டிக்கிட்டே போங்க!" என்று கத்தினாள். ஒவ்வொரு பிள்ளையாகக் கண்ணாடிக்குத் தூக்கினாள். பதினொரு பேர் முடிந்தார்கள்.

தீபிகா மட்டும் கடைசி சீட்டில், கழுத்தில் தண்ணீர் பாட்டில் தொங்க, இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வா சாமி, நீயும் ஊது."

"வேண்டாங் மிஸ்."

தூக்கிக் கண்ணாடியருகில் பிடித்தாள். ஒரு வட்டம். துடைத்துவிட்டு மறுபடி. ஒரே வட்டம். இடது பக்கம் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அந்தப் பக்கத்து மூக்கில்தான் மஞ்சளாக ஒழுகியது, கிட்டே போனால் ஒரு நாற்றமும் அடித்தது. நேற்று லூர்துசெல்வியே தன் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டு, சளி பிடித்த பிள்ளையை ஏன்தான் அனுப்புகிறார்களோ என்று அவள் அம்மாவை வைதிருந்தாள். ஏற்காட்டுக் குளிரில் மூக்கு ஒழுகாத பிள்ளை எது என்று அப்புறம் விட்டும்விட்டாள்.

"அண்ணா, வண்டியத் திருப்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க!"

தீபிகா அப்போதுதான் வாய் விட்டு அலறினாள். "வேண்டாங் மிஸ்! வேண்டாங் மிஸ்!" ஒவ்வோர் அலறலுக்கும் மூச்சை உள்ளே இழுத்தாள். இழுக்க இழுக்கக் கொட்டை இன்னும் உள்ளே போகுமே என்று லூர்துசெல்வி செத்துச் செத்துப் பிழைத்தாள். பிள்ளையை மடியில் கிடத்தி, "அழுகாத சாமி, அழுகாத கண்ணு," என்று சொல்லிக்கொண்டே அவளும் அழுதாள். ஒற்றைக் கையால் கமலா மேடத்துக்குப் போன் போட்டாள். திட்டு விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மேடம் திட்டவில்லை. "நீங்க போங்க. அவங்கம்மாவை நான் கூட்டீட்டு வர்றேன்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சுகாதார நிலையத்தில் டாக்டர் தலைச்சோலை ஊரில் நடந்த மருத்துவ முகாமுக்குப் போயிருந்தார். நர்ஸ் மேகலா டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"என்னமோ இருக்குதுங்க. இடுக்கி போட்டா உள்ள தள்ளிரும். டீச்சர், நீங்களே ஊதுங்க. அவ வாயோட உங்க வாய வெச்சு ஒரே ஊது. நல்ல பக்கத்து மூக்கை நான் அழுத்திக்கறேன்."

"நானா? நான் எப்படிங்க..."

"உங்க மடியிலதானே ஒட்டீட்டு உக்காந்திருக்குது. வேற யாரு கிட்டப் போனாலும் கத்தும். ஊதுங்க."

முதல் தடவை ஊதினாள். ஒன்றும் வரவில்லை. தீபிகாவின் கண்கள் அவள் கண்ணுக்கு ஒரு விரல் தூரத்தில் அகலத் திறந்திருந்தன. அந்தக் கண்ணில் இருந்த பயம் ஊசிக்குப் பயந்த பயமாக லூர்துசெல்விக்குத் தோன்றவில்லை. இரண்டாம் தடவை மூச்சை நிரப்பி ஊதினாள். கன்னத்தில் ஈரமாக எதுவோ பட்டு மேசையில் விழுந்தது.

மேகலா பஞ்சில் உருட்டித் துடைத்தாள். ஊறிப் போய் வெளுத்திருந்தது.

"இது காப்பிக்கொட்டைங்களே!"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதுபோல் ஆகிவிட்டது. காணாமல் போனது புளியங்கொட்டை. வந்தது வெள்ளிக்கிழமைக் கொட்டை. அப்படியென்றால் புளியங்கொட்டை இன்னும் வேனில் இருக்கிற பதினொரு பேரில் யாருக்குள்ளோ இருக்கிறது! லூர்துசெல்வி முகத்தைத் துடைக்க ஸ்வெட்டர் பைக்குள் கையை விட்டுக் கைக்குட்டையை உருவினாள். கூடவே ஏதோ வந்து தரையில் டிக்கென்று விழுந்து உருண்டது.

புளியங்கொட்டை.

காலையில் ஃபெபி, "மிஸ், கீழ கெடந்துச்சு," என்று கொண்டுவந்து கொடுத்ததும், அவள் வாங்கிப் பைக்குள் போட்டதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. உயிர் திரும்பி வந்தது, வந்த வேகத்தில் மறுபடி உறைந்தது. எண்ணிக் கொடுத்தது இவ்வளவு நேரமும் அவள் பையிலேயே இருந்திருக்கிறது. எண்ணாமல் கொடுத்தது நாலு நாளாகப் பிள்ளையின் மூக்கில் இருந்திருக்கிறது. ஃபெபி மட்டும் அதைக் கொண்டுவந்து கொடுக்காமல் தன் அட்டையிலேயே வைத்திருந்தால் கணக்கு இருநூற்று நாற்பது சரியாக வந்திருக்கும், அவளும் நிம்மதியாகச் சோறு தின்னப் போயிருப்பாள்.

தீபிகா பஞ்சில் கிடந்த கொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செடி வந்துருச்சுங்களா மிஸ்?"

"என்ன கண்ணு?"

"வாசம் புடிச்சேன், உள்ள போயிருச்சு. அப்பறம் நீங்க மரம் வரும்னீங்க." விக்கல் எடுத்தது. "நான் தண்ணி ஊத்தலைங் மிஸ். எங்கம்மா நாத்துக்குத் தண்ணி ஊத்துவாங்க. ஊத்துனாத்தான் மொளைக்குமாம். அதான் நான் தண்ணியே குடிக்கல."

நாலு வயதுப் பிள்ளை நாலு நாளாக மூக்குக்குள் ஒரு மரத்தை வைத்துக்கொண்டு, அது முளைக்காமல் இருக்கத் தாகத்தோடு காவல் இருந்திருக்கிறது. யாரிடம் சொல்லும்? மரம் வரும் என்று சொன்னவளிடமா?

"மரம் முளைக்காது சாமி," என்றாள். "மிஸ் பொய் சொன்னேன்."

தீபிகா நம்பவில்லை. "கெளை?"

"கெளையும் வராது. சத்தியமா வராது."

பிள்ளை அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு கழுத்திலிருந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திருகியது. திறக்க வரவில்லை. லூர்துசெல்வி திறந்து கொடுத்தாள். ஒரு வாய் குடித்து, விழுங்கிவிட்டுக் காதைத் தொட்டுப் பார்த்தது. இன்னொரு வாய் குடித்தது.

"இன்னும் குடிக்கலாங்களா மிஸ்?"

"குடி கண்ணு. எல்லாத்தையும் குடி."

தீபிகா பாட்டிலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து மடக் மடக்கென்று குடித்தாள். வாசலில் அவள் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடி வருவது கேட்டது. தீபிகா பாட்டிலை வாயிலிருந்து எடுக்கவில்லை.