அறுபத்திரண்டு விடைகள்

அக்கா புருஷனைப் பழிவாங்கக் கேள்விக்காரிக்கு ஒரு சிவப்புப் பேனாவும் பதினோரு நாட்களும் போதுமானதாக இருந்தன. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டாள். பொய் சொல்வானேன், அவள் வாழ்க்கையிலேயே நன்றாகத் தூங்கிய இரண்டு வருஷங்கள் அவைதான்.

கேள்விக்காரி என்பது பயிற்சி மையத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் மையம் அது. அத்தான் அதன் டைரக்டர். டை கட்டிக்கொண்டு பெற்றோரிடம் பேசுவது அவர் வேலை. பேச்சில் மனிதர் வெளுத்துக் கட்டுவார். ஆனால் உட்காரவைத்து ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதச் சொன்னால் மூன்றாம் வகுப்புப் பையனைப் போலப் பேனா மூடியைக் கடிப்பார். கேள்விகள் எல்லாம் அவள் எழுதியவை. மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, பத்து வருஷத்தில் நாலாயிரத்துச் சொச்சம் எழுதினாள். ஒன்றில்கூடத் தப்பு கண்டுபிடித்தவர் கிடையாது. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு, இருக்கட்டுமே.

அவை புத்தகமாக வந்தபோது அட்டையில் அத்தான் பெயர் இருந்தது. தன் பெயரைப் பக்கம் பக்கமாகத் தேடினாள். முன்னுரையின் கடைசியில், அச்சகத்தாருக்கும் காகிதக் கடைக்காரருக்கும் நடுவில், "தட்டச்சு உதவி: என் மைத்துனி" என்று போட்டிருந்தது. பெயர்கூட இல்லை.

"என்ன அத்தான் இது?" என்று கேட்டாள், ஆசிரியர்கள் எல்லாரும் இருந்த அறையில்.

"ஏம்மா, எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துதானே புத்தகம் வாங்குறாங்க? கேள்வி எழுதறது என்ன பெரிய வித்தையா? நாலு பழைய பேப்பரப் பாத்து அஞ்சாவது எழுதறதுதானே!"

அத்தானோடு சேர்ந்து நாலைந்து பேர் சிரித்தார்கள். அக்கா வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது.

அன்றைக்கே கேள்விக்காரி வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாள். அத்தான் அதைப் படித்துவிட்டு, "சரி, உன் இஷ்டம். போறதுக்கு முன்னாடி ரெண்டாம் பதிப்போட விடைக்குறிப்ப மட்டும் ஒரு தடவ சரிபாத்துக் குடுத்துடு," என்றார். ஒருத்தியைச் சபையில் மூக்கறுத்துவிட்டு அவள் கையிலேயே விடைக்குறிப்பையும் கொடுக்கிற தைரியம் அவருக்குத்தான் வரும். கிள்ளுக்கீரை என்ன செய்துவிடும் என்ற நினைப்பு.

கணக்கிலும் படப் புதிர்களிலும் கை வைத்தால் உடனே தெரிந்துவிடும். அவள் கை வைத்தது சூழ்நிலைப் பகுதியில். நீ ஆஸ்பத்திரியில் பயிற்சி மாணவி, இப்படி ஒன்று நடக்கிறது, முதலில் என்ன செய்வாய் என்று கேட்டு நான்கு விடை கொடுக்கும் பகுதி அது. மருந்து எழுதும் பெரிய டாக்டர் மேல் சாராய வாடை வருகிறது. உடனே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும் என்பது சரியான விடை. அவள் அதை அடித்துவிட்டு, இன்னும் ஒரு நாள் கவனித்து உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று மாற்றினாள். கீழே, 'அவசரப்பட்டுக் குற்றம் சாட்டுவது குழுவின் நம்பிக்கையைக் குலைக்கும்' என்று அழகாக ஒரு விளக்கமும் எழுதினாள். படித்தால் அவளுக்கே சரி என்று தோன்றும். அந்தப் பகுதியில் இருந்த நானூறு கேள்விகளில் அறுபத்திரண்டை இப்படி மாற்றினாள். அத்தான் புரட்டிக்கூடப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பினார்.

மையத்தில் ஒரு சட்டம் உண்டு. விடைக்குறிப்போடு சண்டை போடாதே. உன் மனசு ஒன்று சொல்லி விடைக்குறிப்பு வேறொன்று சொன்னால், மனசை மாற்றிக்கொள். சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். அந்தச் சட்டத்தைப் போட்டவளும் அவள்தான்.

முந்தின வருஷம் நாற்பத்தொரு பேர் தேறிய மையத்தில் அடுத்த வருஷம் இருபத்து மூன்று பேர். வாசல் போர்டில் தேறியவர்கள் போட்டோ இரண்டு வரிசையிலிருந்து ஒரு வரிசையாகச் சுருங்கியது. வேலை இருக்கிறதோ இல்லையோ, கேள்விக்காரி அந்தத் தெரு வழியாகப் போய் அதை எண்ணிவிட்டு வருவாள். பெற்றோர்கள் அத்தானைச் சூழ்ந்துகொண்டு கத்தியதையும், அவர் டையைத் தளர்த்தியதையும் ஒருநாள் எதிர்ப் பக்கத்திலிருந்தே பார்த்தாள். வயிறு குளிர்ந்துபோயிற்று.

இப்போது அவள் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்து எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் அங்கே அக்கா மகள் வந்து நின்றாள். வீட்டில் அவளுக்குப் பெயர் பொடிசு. வாசல் நிலைக்குக் குனிந்துதான் உள்ளே வந்தாள், இன்னும் பொடிசுதான்.

"சித்தி, ரெண்டு தடவ எழுதிட்டேன். வரல. மூணாவதுதான் கடைசி, அதுக்கு மேல எழுத விடமாட்டாங்க. அப்பாவுக்குத் தெரியாம வந்திருக்கேன். சொல்லிக்குடுப்பீங்களா?"

டைரக்டரின் சொந்த மகளே தேறவில்லை! கேள்விக்காரிக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு மதிப்பெண் தாளை வாங்கிப் பார்த்தாள். கணக்கு, படம், படித்துப் புரிந்துகொள்ளுதல் எல்லாவற்றிலும் வெகு உயரம். சூழ்நிலைப் பகுதியில் மட்டும் அடிமட்டம். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"பெரிய டாக்டர் மேல சாராய வாடை வருது. என்ன செய்வே?"

பொடிசு யோசிக்கவே இல்லை. "இன்னும் ஒரு நாள் கவனிப்பேன் சித்தி. அவசரப்பட்டுக் குற்றம் சாட்டுவது குழுவின் நம்பிக்கையைக் குலைக்கும்."

எழுத்துக்கு எழுத்து அப்படியே சொன்னாள். கேள்விக்காரி இன்னும் பத்துக் கேள்வி கேட்டாள். பத்துக்கும் அவள் எழுதிய பொய்யே அவளிடம் திரும்பி வந்தது.

"மத்த பிள்ளைங்களும் இப்படித்தான் எழுதறாங்களா?"

"நெறையப் பேரு அந்தப் பகுதியப் புரட்டிப் பாக்கறதோட சரி. சொந்த புத்தியில எழுதிட்டு வந்துடுவாங்க. ஒழுங்காப் படிச்சவங்கதான் மாட்டிக்கிட்டோம்னு நெனைக்கிறேன். நான் மொத்தத்தையும் கரைச்சுக் குடிச்சிட்டேன். அப்பா புத்தகமாச்சே."

அன்றிலிருந்து தேர்வுக்கு இருபத்தாறு நாள். உண்மையைச் சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று கேள்விக்காரி முதலில் கணக்குப் போட்டாள். புத்தகம் பழசு, முறை மாறிவிட்டது என்று பூசி மெழுகினாள். பொடிசு தலையாட்டுவாள். மாதிரித் தேர்வு வைத்தால் பழைய விடையையே போடுவாள். கேட்டால், "நீங்க சொல்றது புரியுது சித்தி. ஆனா புத்தகத்துல வேற மாதிரி இருக்கே. அப்பா தப்பா எழுதுவாரா?" என்பாள். ஒரு வாரம் இப்படியே போயிற்று. மதிப்பெண் ஒரு புள்ளிகூட ஏறவில்லை.

சொன்னால் பெண் நேரே அப்பாவிடம் போவாள். அத்தான் ஊரைக் கூட்டுவார். பிள்ளைகளின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டவள் என்ற பெயரோடு அவள் இந்த அறையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். அதைவிடக் கசப்பானது ஒன்று இருந்தது. அந்த மனுஷன் ஜெயித்துவிடுவார். சொல்லாவிட்டால் பொடிசின் கடைசி வாய்ப்பும் போய்விடும். கேள்விக்காரி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், தன் கையால் எழுதிய பழைய நோட்டையும் புத்தகத்தையும் பெண்ணின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

"இதுதான் சரியான விடை. புத்தகத்துல இருக்கறத நான்தான் மாத்தினேன். வேணும்னே மாத்தினேன்."

பொடிசு இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே போனாள். வித்தியாசம் வந்த இடத்தில் எல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அறுபத்திரண்டு," என்றாள். பிறகு நிமிர்ந்தாள். "நானும் இந்தப் புத்தகத்தத்தான் படிப்பேன்னு உங்களுக்குத் தோணலயா?"

தோன்றவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணிடம் இன்னொரு பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"தோணிச்சு."

"அப்புறம்?"

"உங்கப்பா சிரிச்ச சிரிப்புதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. உன்ன ஒதுக்கித் தள்ளிட்டேன்."

பொடிசு அழவில்லை, கத்தவும் இல்லை. நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். "நாளைக்கு நாலு மணிக்கு வரேன், மேடம்," என்றாள்.

சித்தி என்ற வார்த்தை அன்றோடு போயிற்று. மிச்சம் இருந்த நாட்களில் ஒருநாள்கூடத் தவறாமல் வந்தாள். எதிரில் உட்கார்ந்து பாடம் கேட்டாள், மாதிரித் தேர்வு எழுதினாள், "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கேள்விக்காரி தண்ணீர் கொடுத்தால் வாங்க மாட்டாள், தன் பாட்டிலையே எடுப்பாள். அப்பாவிடம் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. அத்தானிடமிருந்து போனும் வரவில்லை, வக்கீல் கடிதமும் வரவில்லை. அது கேள்விக்காரிக்கு நிம்மதியாக இருப்பதற்குப் பதில் கிலியாக இருந்தது.

பொடிசு தேறினாள். சூழ்நிலைப் பகுதியில் மிக உயர்ந்த தரம். கேள்விக்காரிக்கு அது ஜெராக்ஸ் கடைக்காரர் காட்டிய பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்தான்.

ஒரு மாதம் கழித்துப் பெண் வந்தாள். கேள்விக்காரி எழுந்து ஓடினாள். பொடிசு ஓர் அடி பின்னால் நகர்ந்து, கையில் இருந்த புத்தகத்தை இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டினாள். அதே புத்தகம், அதே இரண்டாம் பதிப்பு. அட்டை மட்டும் புதிது. அதில் கேள்விக்காரியின் முழுப் பெயர் இனிஷியலோடு இருந்தது. அத்தானின் பெயர் இருந்த இடத்தில், அதே அளவு எழுத்தில்.

"கிடங்குல மூவாயிரம் புத்தகம் விக்காமக் கெடந்துச்சு. எல்லாத்துக்கும் அட்டைய மாத்தியாச்சு. இன்னிக்குக் கடைங்களுக்குப் போயிருச்சு."

"உங்கப்பா எப்படி ஒத்துக்கிட்டார்?"

"சந்தோஷமா ஒத்துக்கிட்டார். ரெண்டு வருஷமா எல்லாரும் அந்தப் புத்தகத்தத்தானே திட்டுறாங்க. உண்மையா எழுதினவங்க பேரப் போட்ருவோம்ப்பான்னேன். தாராளமாப் போடும்மான்னார். கடைசிப் பக்கத்தப் பாருங்க, மேடம்."

கடைசியில் ஒரு தாள் புதிதாக ஒட்டியிருந்தது. 'ஆசிரியரின் பிழைகள்' என்று தலைப்பு. கீழே கேள்வி எண், புத்தகத்தில் உள்ள விடை, சரியான விடை என்று மூன்று பத்தி. மொத்தம் அறுபத்திரண்டு. அதன் அடியில், 'இவற்றைக் கண்டுபிடித்துத் திருத்தியவர்: மாணவி ஒருவர்.'

"பிழை இல்லம்மா இது..." என்று கேள்விக்காரி தொடங்கினாள்.

"வேற என்னன்னு போடச் சொல்றீங்க? சொல்லுங்க, மாத்திடறேன்."

கேள்விக்காரி புத்தகத்தை மூடினாள்.

"என் பக்கத்துல உக்காந்து படிச்சவ மூணு தடவையும் எழுதிட்டா. இப்ப ஒரு துணிக்கடையில நிக்கிறா. அவளுக்கு நான் இதக் கொண்டுபோய்க் குடுத்தேன். அவ ரொம்ப நேரம் உங்க பேரத்தான் பாத்துக்கிட்டிருந்தா."

"உங்கப்பாவுக்கு?" என்று கேட்டாள் கேள்விக்காரி. அந்த நிலையிலும் அது கேட்கத் தோன்றியது அவளுக்கு. "அவர அப்படியே விட்டுடப் போறியா?"

"அவருக்குத் தனியா வச்சிருக்கேன். உங்க நோட்டு எங்கிட்டதான் இருக்கு. அந்தக் கணக்கு எனக்கும் அவருக்கும் உள்ளது, மேடம். நீங்க வகுப்பப் பாருங்க."

போய்விட்டாள். கேள்விக்காரி அந்தத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு வரி வரியாகச் சரிபார்த்தாள். கைப்பழக்கம் விடாதே. அறுபத்திரண்டும் சரியாக இருந்தன. ஓர் எண்கூட மாறவில்லை.

சாயங்கால வகுப்புக்கு முதலில் வந்த பெண், பையை இறக்காமலே கையில் இருந்த புத்தகத்தை நீட்டினாள். கடையிலிருந்து அப்போதுதான் வாங்கியிருக்கிறாள், கண் பளபளத்தது.

"மேடம், இது நீங்க எழுதினதா?"

பத்து வருஷம் அந்த ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து யாராவது இப்படிக் கேட்க மாட்டார்களா என்று ஏங்கியவள் அவள்.

"ஆமா," என்றாள்.

பெண் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியது.

"அப்ப இதெல்லாம்...?"

படியில் மற்ற பிள்ளைகள் ஏறி வரும் சத்தம் கேட்டது.

"அதுவும் நான்தான்," என்றாள் கேள்விக்காரி.