வியாழக்கிழமை செபத்தில் என்ன சொன்னேன்

...சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்திருக்கும் பிள்ளைக்காக, என்று சொன்னது வரைக்கும் நன்றாக நினைவிருக்கிறது, அதற்கு மேல், அந்தப் பிள்ளையின்... பிள்ளையின் என்ன? வேலைக்காக என்றேனா, உடம்புக்காக என்றேனா, இல்லை, வாய்க்கு வந்த வேகத்தில் இரத்தத்துக்காக என்றே சொல்லித் தொலைத்துவிட்டேனா? இரண்டு நாளாக அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன், போனதும் படம் அறுந்துவிடுகிறது. செபம் சொல்லும்போது கண்ணை மூடினால் மூடியதுதான், வார்த்தை தானாக வரும், என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது, அதை வேறு இத்தனை வருஷமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன், நானா பேசுகிறேன், பரிசுத்த ஆவி அல்லவா பேசுகிறார் என்று. இப்போது அவரிடம் போய், சுவாமி, வியாழக்கிழமை என் சிநேகிதி மரியா வீட்டில் என்ன பேசினீர் என்று கேட்கவா முடியும்? பினாங்குப் பாலத்துக்கு இக்கரையில் லூனாஸ், அங்கே எங்கள் வீட்டு வரிசையில் பதினோரு கத்தோலிக்கக் குடும்பங்கள், வியாழன்தோறும் ஒரு வீட்டில் கூடிச் செபிப்போம், அன்பியக் கூட்டம் என்று பெயர், அதற்கு நான்தான் தலைவி. மன்றாட்டு சொல்ல அகத்தா எழுந்தால் போதும், குழந்தைகூட அழுகையை நிறுத்தும் என்பார்கள். மற்றவர்கள் நோயாளிகள் எல்லாருக்காகவும் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், நான் அப்படி விடமாட்டேன், யாருக்கு, எந்தக் காலில், எத்தனை தையல், டாக்டர் என்ன சொன்னார், எல்லாம் வரும். விலாசம் சரியாக இருந்தால்தானே கடிதம் போய்ச் சேரும் என்பது என் கட்சி.

இப்போது மணி இரண்டரை, பாடாங் செராய் கோயில் மண்டபம், சனிக்கிழமை, சுற்று வட்டாரத்திலிருந்து வந்த கோயில் தலைவர்கள் இருபத்திரண்டு பேர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். மேலே இரண்டு காற்றாடி, ஒன்றுதான் சுற்றுகிறது, அதன் கீழ் இடத்தை உபதேசியார் எர்னஸ்ட் அண்ணன் காலையிலேயே கைக்குட்டை போட்டுப் பிடித்துவிட்டார், பண்டார் பாருவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவராம், வந்தவர் அதற்குரிய தூக்கத்தையும் இங்கேயே தூங்கிக்கொண்டிருக்கிறார். முன்னால் பிரேமாவதி மிஸ்ஸி, அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ், நெற்றியில் திருநீறு, பின்னால் சுவரில் சிலுவை, இரண்டுக்கும் நடுவில் கரும்பலகையில் மணிக்கணக்கு எழுதுகிறார். காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, நாலு, இரவு எட்டு, மறுபடி நள்ளிரவு. இந்த மருந்து நோயை அடியோடு எடுக்காது, ஆனால் நேரம் தவறாமல் சாப்பிட்டால் ஆளைத் தூக்கி நிறுத்தும், வாந்தி வரும், சோகை வரும், அப்போதெல்லாம் பக்கத்தில் ஒருவர் இருக்கவேண்டும், செபம் பண்ணியாயிற்று, மருந்தை நிறுத்திவிடு என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள் என்கிறார். பின்வரிசையில் ஒருவர் தலையைச் சொறிகிறார், ஏற்கனவே யாரிடமோ சொல்லியிருப்பார் போல. போன மாதம் எங்கள் கோயில் பூசை முடிவில் பாதர் இந்தப் பயிற்சியை அறிவித்தாரே, எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிறவர்களுக்குத் துணையாக இருக்கத் தலைவர்களுக்குப் பயிற்சி என்று, அந்த வார்த்தை வந்ததும் முன்வரிசை மொத்தமும் குனிந்து செருப்பைத் தேடியது. நான் ஒருத்திதான் கை தூக்கினேன். என்ன துணிச்சல் என்று பாதர் மெச்சினார். துணிச்சலாவது ஒன்றாவது, எனக்குக் காரணம் இருந்தது, காரணத்தின் பெயர் டக்ளஸ்.

டக்ளஸ், மரியாவின் மகன். மரியாவும் நானும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஒரே நாளில் கோயிலில் முதல் அப்பம், புதுநன்மை, வாங்கி, ஒரே வருஷத்தில் லூனாஸுக்குக் குடிவந்தவர்கள், அவள் வீட்டில் தாளிக்கும் வாசனையை வைத்து என்ன குழம்பு என்று சொல்லிவிடுவேன். பையன் ஏழு வருஷம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்துவிட்டு இந்த வருஷம், எண்பத்தொன்பது பிறந்ததும், திரும்பி வந்தான், என் தையல் கடைக்கு நாலு கடை தள்ளி சைக்கிள் சாமான் கடையில் வேலை. கால்சட்டையைப் பிடித்துத் தைக்கக் கொண்டு வந்தான், இடுப்பு முப்பத்திரண்டு இருந்தது முப்பது ஆகியிருந்தது. நாலு வாரம் கழித்து மறுபடி வந்தான், இருபத்தெட்டு. ஒரு தையல்காரியிடம் மனிதன் எதையும் மறைக்கலாம், இடுப்பை மறைக்க முடியாது. நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தம்பி, இதுக்கு மேல இந்தத் துணியப் பிடிக்க முடியாதுலா, மொதல்ல நீ உக்காரு, என்னா ஒடம்புக்கு, சொல்லு, என்றேன். உட்கார்ந்தான். சொன்னான். எழுந்து போய் ஒரு மீலோ வாங்கி வந்து கொடுத்தேன், அவன் குடித்த கிளாஸை என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் யோசித்ததையும் ஒப்புக்கொள்கிறேன், யோசித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன், மறுநாள் அதிலேயே நான் குடித்தேன். அதற்குப் பிறகுதான் பினாங்கில் அவனுக்கு இந்த மருந்து எழுதிக் கொடுத்தார்கள், வெள்ளைக் குளிகை, நடுவில் நீலக் கோடு. வீட்டில் வைக்க முடியாது, கடையில் முதலாளி பார்ப்பார், அதனால் பாதி என்னுடைய பொத்தான் டின்னில் இருக்கும், பன்னிரண்டுக்கும் நாலுக்கும் அவன் கைக்கடிகாரம் கத்தும், ஓடி வருவான், விழுங்குவான், ஓடுவான். அம்மாவுக்குத் தெரிய வேணாம் ஆன்ட்டி, யாருக்குமே தெரிய வேணாம், தெரிஞ்சா ஒரு நாள்கூட இங்க இருக்க மாட்டேன், மருந்தையும் வீசிட்டுப் போயிருவேன், என்றான் முதல் நாளே, சிரித்துக்கொண்டுதான் சொன்னான், அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயம். போன வாரம் நாடாவைப் போட்டுப் பார்த்தேன், இருபத்தொன்பது. ஒரு அங்குலம் கூடியதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று கேட்டால் ஆமாம், நான் கடைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன், அவன்கூடச் சேர்ந்து ஆடினான். அந்தச் சந்தோஷத்தில்தான் வியாழக்கிழமை எழுந்து நன்றி சொல்ல ஆரம்பித்தேன், ஆண்டவரே, சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்திருக்கும் பிள்ளைக்காக... சொல்லியிருந்தால் போயிற்று, பையன் போய்விடுவான், மருந்து நின்றுவிடும், ஒரு அங்குலமும் போய்விடும்.

மிஸ்ஸி என்னவோ சீட்டுக் கொடுக்கிறாரே, எல்லாருக்கும் ஒன்று, ஒவ்வொன்றிலும் கற்பனையாக ஒரு நோயாளி, அவருக்காகச் சத்தமாகச் செபிக்க வேண்டுமாம், கேட்கிறவர்களுக்கு ஆள் யார், நோய் என்ன என்று தெரியக்கூடாதாம். பயிற்சியாம். எர்னஸ்ட் அண்ணனைத் தட்டி எழுப்பினார்கள், அவர் எழுந்து, ஆண்டவரே, உமக்குத் தெரியும், ஆமென், என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மண்டபம் சிரித்தது, மிஸ்ஸி மட்டும் இதுதான் சரி, நூற்றுக்கு நூறு என்றார், தூங்குகிறவனுக்கு நூறு மார்க். அடுத்தது நான். என் சீட்டில் பக்கிரிசாமி, லாரி ஓட்டுநர், மாதம் ஒருமுறை பினாங்கில் இரத்தப் பரிசோதனை என்று இருந்தது. இது ஒரு பெரிய காரியமா என்று கண்ணை மூடினேன், ஆண்டவரே, நீண்ட சாலைகளில் பாரம் ஏற்றிச் செல்லும் உம் பிள்ளை, பெயரைச் சொல்லமாட்டேன் ஆண்டவரே, ஆனால் மாதம் பிறந்தால் அவர் பாலம் தாண்டிப் போகிற காரியத்தை நீர் அறிவீர், அந்த ஊசி முனையில் வரும் துளியையும் நீர் அறிவீர்... கண்ணைத் திறந்தால் ஆளாளுக்குக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். லாரிக்காரர், பினாங்கு ஆஸ்பத்திரி, இரத்த டெஸ்ட், எல்லாம் சொல்லிவிட்டார்கள், பெயர் ஒன்றுதான் பாக்கி. நானும்தான் சிரித்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். மிஸ்ஸியும் சிரித்துவிட்டு என் பக்கம் வந்து, அக்கா, சாமிக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியாதா, என்று கேட்டார். பிறகு எல்லாரையும் பார்த்து, நான் பாத்தவங்கள்ல சில பேரு மருந்த நிறுத்தினது வாந்தியால இல்லீங்க, யாரோ ஒருத்தர் அக்கறையா நாலு பேருகிட்ட சொன்னதாலதான், என்றார்.

மூன்றரைக்குக் கோப்பியும் கரிபாப் பலகாரமும். எர்னஸ்ட் அண்ணன் தட்டில் மூன்று கரிபாப், நூறு மார்க் வாங்கியவர், கேட்பதற்கு யார் இருக்கிறார்கள். மெதுவாகப் போய், அண்ணே, செபம் சொல்றப்ப என்னா சொல்றீங்கன்னு பின்னால ஒங்களுக்கு ஞாபகம் இருக்குமா, என்று கேட்டேன். நான் சொல்றதே ரெண்டு வரிதானேலா தங்கச்சி, ஞாபகம் இல்லாம எங்க போவுது, என்னா, செபம் சொல்லி யாரு கல்யாணத்தயாச்சும் நிறுத்திட்டியா, என்றார். அவர் தட்டிலிருந்தே ஒரு கரிபாப்பை எடுத்துக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். வார்த்தை ஞாபகம் வராவிட்டால் சத்தமாவது வராதா என்று யோசித்துப் பார்க்கிறேன். நான் நிறுத்தியதும் எல்லாரும் ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்பார்கள், மரியாவின் குரல் எப்போதும் கொஞ்சம் பின்தங்கி வரும், கடைசியாக ஒரு ளும் மட்டும் தனியாகக் கேட்கும். வியாழக்கிழமை அந்தக் குரல் கேட்டதா? கேட்டது போலவும் இருக்கிறது, போன வியாழன் கேட்டதை இந்த வியாழனில் கொண்டுவந்து ஒட்டுகிறேன் போலவும் இருக்கிறது...

கோப்பி முடிந்து மிஸ்ஸி மறுபடி ஆரம்பித்துவிட்டார், வீட்டில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று நீங்களாக முடிவு பண்ணாதீர்கள் என்கிறார், சில வீட்டில் தெரிந்தும் கேட்கமாட்டார்கள், ஆனால் சின்னக் காரியத்தில் வெளிப்பட்டுவிடும், ஒருவர் தட்டைத் தனியாக வைப்பார், இன்னொருவர் மருந்து நேரத்துக்குச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைப்பார்... பிளாஸ்க். நேற்று, வெள்ளிக்கிழமை, மரியா கடைக்குப் பிளாஸ்க் கொண்டுவந்தாளே. நான் யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி வைத்துக்கொண்டே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன், அவள் மேசைமேல் வைத்துவிட்டு, பார்லித் தண்ணி, நாலு மணிக்கு டக்ளஸ் வருவான்ல, குடு, ரெண்டு ரொட்டியும் வெச்சிருக்கேன், வெறும் வயித்துல வேணாம், என்றாள். நானும் சரி சரி என்று பேச்சைத் தொடர்ந்தேன். நாலு மணிக்கு என் கடைக்கு வருவான் என்று இவளுக்கு யார் சொன்னது? வெறும் வயிற்றில் எது வேண்டாம்? பார்லித் தண்ணியை வெறும் வயிற்றில் குடித்து யாருக்கு என்ன ஆகிவிடும்?

தெரியும். மரியாவுக்குத் தெரியும். எப்போதிலிருந்து? வியாழக்கிழமைக்குப் பிறகு என்றால் என் வாயிலிருந்துதான், வேறு வழியே இல்லை. சரி, முன்னாலேயே தெரியும் என்றால்? அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன், விட்ட மூச்சு பாதியில் நின்றுவிட்டது. முன்னாலேயே தெரியும் என்றால் ஏன் என்னிடம் சொல்லவில்லை? என்னிடம், குழம்பு வாசனைகூடத் தெரிந்த என்னிடம்? அன்பியத்தில் அவள் முறை வரும்போது ஒருநாளும் எதையும் விவரமாகச் சொன்னதில்லை, என் மனசுல இருக்கற ஒரு கருத்துக்காக, என்பாள், உட்கார்ந்துவிடுவாள். ஏண்டி, ஆண்டவருகிட்டகூடக் கஞ்சத்தனமா என்று எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன், அவளும் சிரிப்பாள். பாவம், செபிக்கத் தெரியாதவள் என்று நினைத்திருந்தேன். அவள் புருஷன் வேலையை விட்டது, அவள் இரண்டு தடவை கருக்கலைந்து படுத்தது, எல்லாமே எனக்கு வேறு யாரோ சொல்லித்தானே தெரிந்தது... தெரிந்த அந்த வாரமே எழுந்து நின்று விலாவாரியாக மன்றாடியும் இருக்கிறேன். அவளுக்குச் செபிக்கத் தெரியாமல் இல்லை, அந்த அறையில் நான் இருந்தேன். அடி அகத்தா. போய் அவளையே கேட்டுவிடலாமா, எப்போதிலிருந்து தெரியும் என்று? எப்படிக் கேட்பது? ஒருவேளை பிளாஸ்க் வெறும் பிளாஸ்க்தான் என்றால், இளைத்துப்போன பிள்ளைக்கு ஒரு தாய் வைத்த ரொட்டிதான் என்றால், நான் கேட்கிற கேள்வியே சொல்லிக்கொடுத்துவிடுமே. ஆக, கேட்கவும் முடியாது, கேட்காமல் தெரிந்துகொள்ளவும் முடியாது. நன்றாக மாட்டிக்கொண்டேன், சிரிப்புத்தான் வருகிறது, கண்ணும் கலங்குகிறது, மனிதர்களுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வருமா?

அகத்தா அக்கா, கடைசிச் செபம் நீங்க சொல்லுங்க, என்று மிஸ்ஸி கூப்பிடுகிறார், இந்தத் தடவை ஒழுங்கா சொல்லுவீங்க, எனக்கு நம்பிக்கை இருக்கு, என்கிறார், எல்லாரும் சிரித்துக்கொண்டே நாற்காலியைத் தள்ளி எழுந்திருக்கிறார்கள். எழுந்து முன்னால் போனேன், ஆண்டவரே என்றேன், பழக்கத்தில் கண் மூடிக்கொண்டது, வார்த்தைகள் வரிசை கட்டி வர ஆரம்பித்தன, வேண்டாம் என்று கண்ணைத் திறந்துவிட்டேன். செபத்தின் நடுவில் நான் கண்ணைத் திறந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள், ஆனால் தலைகள் லேசாக என் பக்கம் சாய்ந்திருந்தன, இரண்டு பேர் காதை நன்றாகவே திருப்பி வைத்திருந்தார்கள். லூனாஸிலும் இப்படித்தான் சாய்ந்திருப்பார்கள், நான் பார்த்ததில்லை, ஒரு மூலையில் உட்கார்ந்து மரியா பார்த்திருப்பாள். இப்போது என்னவென்று வேண்டிக்கொள்வது, அவளுக்கு என்னால் தெரிந்திருக்கட்டும் என்றா, என் வாய்க்குப் பயந்துதான் மறைத்தாள் என்று இருக்கட்டும் என்றா? இருபத்தொரு பேர் காத்திருக்கிறார்கள். என் மனத்தில் இருக்கும் ஒரு கருத்துக்காக, என்றேன், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் வரும் என்று காத்திருந்துவிட்டுக் கேட்டருளும் என்றார்கள், எர்னஸ்ட் அண்ணன் ஒரு கண்ணைத் திறந்து, அவ்வளவுதானா என்று பார்த்தார். அவ்வளவுதான் அண்ணே. என் நாற்காலிக்குத் திரும்பி நடந்தேன், அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு மரியா எப்படி ஒவ்வொரு தடவையும் சிரித்த முகத்தோடு உட்கார்ந்தாள்?