ஓதற்பள்ளியில் அம்மை குத்திய நாள்

1913ஆம் ஆண்டு மழைக்காலத்தில் பண்டாரவளைப் பக்கம் பெரியம்மை தலைகாட்டியது. அம்மைத் தடுப்பு குத்தும் உத்தியோகத்தர் ஜெயராசா தம் பெட்டியோடு பதுளைக் கடைத்தெருவுக்கு வந்தார். ஆண்கள் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பள்ளிவாசலுக்குப் பின்னாலிருந்த சந்தில் நாற்பது வீடுகள். அங்கிருந்து ஒரு பெண்கூட வரவில்லை. அந்நிய ஆணின் முன்னால் எப்படிப் போய் நிற்பது?

பள்ளிவாசலில் தொழுகை நடத்தி, ஓதற்பள்ளியில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் கற்றுக்கொடுக்கும் லெப்பை ஹாஷிம் அன்று வீட்டில் இதைச் சொல்லிக் கவலைப்பட்டார். அவர் மனைவி ஸுபைராவின் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. ஏழு வயதில் அவளுக்கும் அவள் தங்கைக்கும் ஒரே பாயில் அம்மை போட்டது. பிழைத்தது இவள் மட்டும்.

“அம்மை குத்துறவருக்கு முகம் எதுக்குங்க? கை போதுமே,” என்றாள். “ஓதற்பள்ளியில ஒரு திரை கட்டுங்க. பொம்பளைங்க உள்ள இருந்து கைய நீட்டட்டும். நான் பக்கத்துலயே இருக்கேன்.”

ஹாஷிம் இரண்டு நாள் யோசித்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் எழுந்து நின்றார். “உயிரைக் காப்பாத்திக்கிறது நம்ம மேல கடமை. நாளைக்கு வீட்டுப் பொம்பளைங்களை ஓதற்பள்ளிக்கு அனுப்பி வைங்க,” என்றார்.

மறுநாள் வெயில் ஏறும்வரை எவரும் வரவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் ஜெயராசா, அந்தப் பக்கம் ஸுபைரா. கடைசியில் வந்தது மருத்துவிச்சி ரஹ்மத்தும்மா. சந்தில் பிறந்த பிள்ளைகளில் பாதி அவள் கையில் விழுந்தவை. ‘அந்த ஊசிப் பக்கம் போகாதீங்க’ என்று வீட்டுக்கு வீடு சொல்லியிருந்தவளும் அவள்தான்.

“குத்திக்க வரல. கேக்க வந்தேன்,” என்று திரைக்குப் பின்னால் அமர்ந்தாள். “அந்த மருந்து எங்கருந்து வருது?”

“கன்னுக்குட்டி உடம்புல எடுக்கிறதுங்கம்மா.”

“காய்ச்சல் வருமா?”

“ரெண்டு மூணு நாள் வரும். கை வீங்கும். அப்புறம் தழும்பாகிடும்.”

“குத்திக்கிட்டா சாகுற வரைக்கும் அம்மை வராதா?”

“அது எனக்குத் தெரியாதும்மா. சில வருஷம் கழிச்சு மறுபடியும் குத்தச் சொல்றாங்க.”

திரையின் இடுக்கில் சுருக்கம் விழுந்த ஒரு கை நீண்டது. “தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றீங்க. குத்துங்க.”

அன்று மாலைக்குள் பதினேழு கைகள். மறுநாள் ரஹ்மத்தும்மாவே வீடு வீடாகப் போய் அழைத்து வந்தாள். எட்டாம் நாள் கொப்புளம் பார்க்க ஜெயராசா வந்தபோது, வளையல்களை வைத்துத்தான் இன்னார் என்று அடையாளம் கண்டார்.

அடுத்த மாதம் சந்துக்குள் அம்மை நுழைந்தது. கடைத்தெருவில் குத்திய அன்று ஊசிக்குப் பயந்து பக்கத்து ஊரான ஹாலிஎலவுக்கு நழுவிய மூன்று ஆண்களைப் பிடித்தது. ஒருவர் இறந்துபோனார். இன்னொருவன் ரஹ்மத்தும்மாவின் மகன் ஷுக்ரி. ஊருக்கு வெளியே குடிசை போட்டு அவனை ஒதுக்கி வைத்தார்கள். தாயும் கூடவே போனாள். இருபத்தைந்து நாள் அவன் புண்ணைத் துடைத்தாள், கஞ்சி ஊட்டினாள். அவள் உடம்பில் ஒரு முத்துகூடப் போடவில்லை. அவனும் பிழைத்தான்.

திரும்பி வந்ததும் நேரே லெப்பை வீட்டுக்கு வந்தாள். ஸுபைராவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“நன்றிய அல்லாஹ்வுக்குச் சொல்லுங்க ராத்தா,” என்றாள் ஸுபைரா.

“அவனுக்குச் சொல்லிட்டேன். உனக்கும் சொல்லணும்ல. எனக்கும் அது வந்திருந்தா என் புள்ளைக்குத் தண்ணி குடுக்க யாரு இருந்தா?”

ஸுபைராவுக்குத் தங்கையின் நினைவு வந்தது. இத்தனை வருடங்களில் முதல்முறையாக, அழாமல் அவளைப் பற்றி இன்னொருத்தியிடம் பேசினாள். பெயர் இனாயா என்றாள். நன்றாகப் பாடுவாள் என்றாள்.

“ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்துல இன்னும் புள்ளைங்கள ஒளிச்சு வைக்கிறாங்களாம்,” என்றாள் ரஹ்மத்தும்மா, விடைபெறும்போது. “நான் பிரசவம் பார்த்த வீடுங்க அங்கயும் இருக்கு. அந்த ஊசி ஐயாவோட நானும் போறேன். அங்க உள்ள கோயில் பூசாரி, ஊசி குத்துறதுக்கு முன்வாசலைப் பெருக்கி வைக்கிறேன்னு சொல்லியிருக்காரு.”

“எப்பப் போறீங்க ராத்தா?”

“புதன்கிழமை. நீயும் வா.”